வயதான நட்சத்திரம், வம்பான பெயர்: ஒரு குழு அவரை எடுக்கலாமா?

ஆட்டக்காரர் மாற்றக் காலம் வந்துவிட்டால் மாமாக் கடை மேசைகளில் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. "அவர எடுத்தா கிண்ணம் நமக்குத்தான்" என்பார் ஒருவர். "அட போங்க, அவருக்கு முட்டி போயி ரொம்ப நாளாச்சு" என்பார் எதிரில் இருப்பவர்.

திறமை உண்டு, அனுபவமும் உண்டு. ஆனால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அடிக்கடி காயம், அல்லது போன இடமெல்லாம் தகராறு. இப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரரைக் குழுவில் சேர்க்கலாமா? அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. கிள்ளான் பள்ளத்தாக்கு ரசிகர்களுக்கும் இது புதிதல்ல. நம் நாட்டில் காற்பந்து, கூடைப்பந்து இரண்டிலுமே இந்தச் சூதாட்டம் நடந்திருக்கிறது. சில நேரம் பலித்தது, சில நேரம் கையைச் சுட்டது.

சுருக்கமான பதில் இதுதான்: எடுக்கலாம். ஆனால் "அவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்?" என்பது முதல் கேள்வி அல்ல. "அவருக்காக யார் வெளியே போகிறார்? சரிவரவில்லை என்றால் அவரை எவ்வளவு சுலபமாக விடுவிக்கலாம்?" என்பவையே முதல் கேள்விகள். ஏன் என்று பார்ப்போம்.

'டிரேட்' என்றால் என்ன? நம் ஊரில் ஏன் அது இல்லை?

என்பிஏவில் ஒரு குழு தன் ஆட்டக்காரரை இன்னொரு குழுவுக்குக் கொடுத்து, பதிலுக்கு அங்கிருந்து ஆட்டக்காரர்களைப் பெறலாம். இதுதான் 'டிரேட்', நம் பேச்சில் பண்டமாற்று. ஆட்டக்காரரின் ஒப்பந்தமும் அவருடனேயே புதிய குழுவுக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் தனி விதி இருந்தாலன்றி, அவருடைய சம்மதம் தேவையில்லை. இன்று லாஸ் ஏஞ்சலிஸ், நாளை காலை வாஷிங்டன்.

அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டிய குழு ஒன்று 4 கோடி டாலர் சம்பளக்காரரை வாங்க விரும்பினால், ஏறக்குறைய அதற்கு ஈடான சம்பளம் உள்ளவர்களை வெளியே அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு நட்சத்திரம் உள்ளே வர, உழைக்கும் ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வெளியேற வேண்டியிருக்கும். சில நேரங்களில் வருங்காலப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மலேசியாவில் அப்படி இல்லை. ஆட்டக்காரர் சம்மதித்தால்தான் குழு மாற முடியும். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றால், வாங்கும் குழு மாற்றுத்தொகை தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தவர் என்றால் சம்பளம் பேசினால் போதும். அதனால் 'ஆளுக்கு ஆள்' கணக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ஆபத்து என்றால் எந்த ஆபத்து?

'ரிஸ்கான ஆளு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, உடல். முட்டி, கணுக்கால், முதுகு. வயது ஏற ஏற, காயம் ஆற எடுக்கும் நாள்களும் கூடும். சம்பளம் முழுப் பருவத்துக்கு, ஆட்டமோ பாதிப் பருவத்துக்கு என்ற நிலை வரலாம்.

இரண்டு, குணம். நடுவரிடம் சண்டை, சக ஆட்டக்காரரிடம் கைகலப்பு, பயிற்சிக்கு வராமல் இருப்பது. இதற்குத் தடை விதிக்கப்பட்டால் இழப்பு குழுவுக்குத்தான்.

மூன்று, பொருத்தம். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உடம்பும் நன்றாக இருக்கும், குணமும் நன்றாக இருக்கும். ஆனால் பந்து எப்போதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று ஆடிப் பழகியவரை, ஏற்கெனவே அப்படி ஆடும் இன்னொருவர் இருக்கும் குழுவில் போட்டால் இருவருமே பாதி ஆளாகிவிடுவார்கள்.

கூடைப்பந்தில் இந்த மூன்றாவது ஆபத்து மிகப் பெரியது. களத்தில் ஐந்து பேர்தான். காற்பந்தில் பதினோரு பேரில் ஒருவர் சோர்ந்தால் மற்றவர்கள் ஓரளவு ஈடுகட்டலாம். ஐந்து பேரில் ஒருவர் ஒத்துப்போகவில்லை என்றால் ஒளித்து வைக்க இடமே கிடையாது.

ரோட்மன் ஏன் பலித்தார்? வெஸ்ட்புரூக் ஏன் பலிக்கவில்லை?

1995 அக்டோபரில் சிகாகோ புல்ஸ் குழு டென்னிஸ் ரோட்மனை சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடமிருந்து வாங்கியது. அப்போது அவருக்கு 34 வயது. துள்ளி வரும் பந்தைக் கைப்பற்றுவதில் லீக்கிலேயே முதல்வர். ஆனால் அபராதம், தடை, நிர்வாகத்தோடு மோதல் என்று ஸ்பர்ஸுக்குத் தலைவலியாக இருந்தவர்.

சிகாகோ அவருக்காகக் கொடுத்தது வில் பெர்டூ என்ற ஆட்டக்காரர் ஒருவரை மட்டுமே. குழுவின் முதுகெலும்பில் கை வைக்கவில்லை. மைக்கேல் ஜோர்டன், ஸ்கோட்டி பிப்பன் இருவரும் அப்படியே இருந்தார்கள். புள்ளிகள் எடுக்கும் வேலையை ரோட்மனிடம் யாரும் கேட்கவும் இல்லை. பந்தைப் பிடி, எதிராளியை மறி, அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் புல்ஸ் 72 ஆட்டங்களில் வென்று 10-ல் மட்டுமே தோற்றது. 1996, 1997, 1998 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. இடையே ரோட்மன் திருந்திவிட்டாரா என்றால், இல்லை. 1997 ஜனவரியில் களத்தோரம் இருந்த படப்பிடிப்பாளர் ஒருவரை உதைத்து 11 ஆட்டங்களுக்குத் தடை வாங்கினார். அவர் இல்லாத நாள்களிலும் வெல்லும் பலம் அந்தக் குழுவுக்கு இருந்தது. ரகசியம் அதுதான்.

இப்போது இன்னொரு பக்கம். 2021-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர் அவர். வயது 32, அந்தப் பருவச் சம்பளம் ஏறக்குறைய 4 கோடியே 40 லட்சம் டாலர். அவருக்காக லேக்கர்ஸ் கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், மொன்ட்ரெஸ் ஹாரெல் ஆகிய மூவரையும் ஒரு புதுமுகத் தேர்வு வாய்ப்பையும் கொடுத்தது. இவர்களில் குஸ்மாவும் கால்ட்வெல்-போப்பும் 2020-ல் லேக்கர்ஸ் வாகை சூடியபோது குழுவில் இருந்தவர்கள்.

பலன்? 33 வெற்றி, 49 தோல்வி. அடுத்த சுற்றுக்கே தகுதி பெறவில்லை. லெப்ரான் ஜேம்ஸும் பந்தைக் கையில் வைத்து ஆடுபவர், வெஸ்ட்புரூக்கும் அப்படியே. தூரத்திலிருந்து எறிபவர்களும் மறித்து ஆடுபவர்களும் குறைந்துவிட்டார்கள். சம்பளம் அவ்வளவு பெரியது என்பதால் அவரை உடனே வேறு குழுவுக்கு அனுப்பவும் முடியவில்லை. 2023 பிப்ரவரியில்தான் அது நடந்தது. அதற்கும் இன்னொரு புதுமுகத் தேர்வு வாய்ப்பைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. லேக்கர்ஸ் விட்ட கால்ட்வெல்-போப், அதே 2023-ல் டென்வர் குழுவோடு வாகை சூடினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குணத்தில் ஆபத்தானவர் ரோட்மன்தான். ஆனால் அதிகம் இழந்தது லேக்கர்ஸ். கொடுத்த விலைதான் வித்தியாசம்.

நம் வட்டாரக் கூடைப்பந்தில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2009-ல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் முதல் பருவத்திலிருந்தே கோலாலம்பூர் டிராகன்ஸ் ஆடியது. பின்னர் கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்ஸ் ஆதரவோடு வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்ற பெயரில் ஆடி, 2015–16 பருவ இறுதியில் சிங்கப்பூர் சிலிங்கர்ஸை 3-2 என வென்று வாகை சூடியது.

இந்த லீக்கில் ஒவ்வொரு குழுவும் எத்தனை இறக்குமதி ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. பருவத்தின் நடுவே அவர்களை மாற்றவும் முடிந்தது. அந்த வசதியைப் பிலிப்பீன்ஸின் அலாப் பிலிபினாஸ் குழு எப்படிப் பயன்படுத்தியது என்பது நல்ல பாடம்.

ரெனால்டோ பால்க்மன் என்பிஏவில் ஆடியவர். 2013-ல் பிலிப்பீன்ஸின் பிபிஏ லீக்கில் பெட்ரோன் குழுவுக்காக ஆடியபோது, ஆட்டத்தின் நடுவே தன் சக ஆட்டக்காரர் ஆர்வின் சாந்தோஸின் கழுத்தையே பிடித்துவிட்டார். லீக் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. கூடவே 250,000 பெசோ அபராதம்.

2017–18 பருவத்தின் நடுவே, அலாப் தன் இறக்குமதி ஆட்டக்காரர்களை மாற்றி பால்க்மனை எடுத்தது. வயது 33. "ஊர் முழுக்கப் பேர் கெட்ட ஆள எடுக்குறாங்களே" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவரோடு அதே நேரத்தில் ஜஸ்டின் பிரவுன்லீயும் வந்தார். உள்ளூர் நட்சத்திரமாக ரே பார்க்ஸ் ஏற்கெனவே இருந்தார். பயிற்றுநர் ஜிம்மி அலாபக், ஆட்டக்காரர்கள் மதிக்கும் முன்னாள் தேசியத் தலைவர். சுமை முழுவதும் பால்க்மன் தோளில் இல்லை. அந்தப் பருவ இறுதியில் தாய்லாந்தின் மோனோ வாம்பயர் குழுவை 3-2 என வென்று அலாப் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அதே 2018-ல் பிபிஏ தடையை நீக்கியது. அவர் திரும்பிப் போனது சான் மிகேல் குழுவுக்கு. பெட்ரோன் என்ற பெயரில் முன்பு ஆடியதும் அதே குழுதான். சாந்தோஸும் அங்கேயே இருந்தார். கழுத்தைப் பிடித்தவரும் பிடிபட்டவரும் மறுபடியும் ஒரே சீருடையில் ஆடினார்கள்.

கெட்ட பெயர் என்றால் கதவை அடைத்துவிட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் அலாப் எடுத்தது மீதமிருந்த பருவத்துக்கான ஆபத்தை மட்டுமே. வாழ்நாள் பந்தத்தை அல்ல.

சிலாங்கூர், 1996: ஏற்கெனவே பலமான குழுவுக்கு ஒரு கோட்டி

கிள்ளான் பள்ளத்தாக்கில் மூத்த காற்பந்து ரசிகர்கள் இன்னும் சொல்லும் பெயர் டோனி கோட்டி. 1988-ல் வெஸ்ட்ஹாமிலிருந்து எவர்ட்டனுக்கு 22 லட்சம் பவுனுக்கு மாறியவர். அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனைத் தொகை. 1994-ல் டேவிட் பரோஸ் என்ற ஆட்டக்காரரோடு ஆளுக்கு ஆள் மாற்றாக வெஸ்ட்ஹாமுக்கே திரும்பினார். காற்பந்தில் அபூர்வமாக நடக்கும் உண்மையான பண்டமாற்று அது.

1996-ல் அவர் சிலாங்கூருக்கு வந்தார். வயது 31. 1994-ல் வெடித்த ஆட்ட ஊழல் விவகாரத்துக்குப் பிறகு நாட்டின் காற்பந்து மீது ரசிகர்களின் நம்பிக்கை ஆடிப்போயிருந்த காலம். ஷா ஆலாம் அரங்கம் திறந்து இரண்டே ஆண்டுகள். இங்கிலாந்து முதல்தர லீக்கிலிருந்து நேராக ஒரு பெரிய பெயர் வந்தது என்றால் அரங்கத்துக்கு ஆள் சேரும் என்ற எதிர்பார்ப்பு இயல்பு.

இங்கே கவனிக்க வேண்டியது, சிலாங்கூர் அப்போது யாராவது வந்து தூக்கிவிட வேண்டிய நிலையில் இல்லை. 1995-ல் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு அது. 1996, 1997 ஆகிய ஆண்டுகளிலும் அந்தக் கிண்ணத்தை விடவில்லை. 1997-ல் எஃப்.ஏ. கிண்ணமும் சேர்ந்தது. கோட்டி ஓராண்டுக்குள் லெஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார். அவர் வந்ததால் மட்டும் நின்ற குழுவும் அல்ல, போனதால் விழுந்த குழுவும் அல்ல.

இன்னொரு சுவையான செய்தி. "மலேசியாவுக்குப் போயிட்டாரு, இனி அவ்வளவுதான்" என்று நினைத்திருந்தால் அது தப்புக் கணக்கு. 1998 ஜனவரியில் மென்செஸ்டர் யுனைடெட்டின் சொந்தத் திடலிலேயே லெஸ்டரின் வெற்றி கோலை அடித்தவர் இதே கோட்டி. 2000-ல் லெஸ்டரோடு லீக் கிண்ணத்தையும் வென்றார். வயதை மட்டும் பார்த்து ஒருவரை 'முடிந்துபோனவர்' என்று சொல்லிவிட முடியாது.

ஜொகூர், 2013: ஐமார் கணக்கு எங்கே தப்பியது?

பாப்லோ ஐமார், லியோனல் மெஸ்ஸி சிறுவயதில் தனக்குப் பிடித்தவர் என்று சொன்ன ஆட்டக்காரர். வலென்சியாவோடு 2002, 2004 ஆண்டுகளில் ஸ்பெயின் லீக்கை வென்றவர். 2013 செப்டம்பரில் ஜொகூர் டாருல் தாக்சிம் அவரை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. அப்போது அவருக்கு 33 வயது. நாடே பேசியது.

ஆனால் காயம் விடவில்லை. லீக்கில் 8 ஆட்டங்கள், 2 கோல்கள். 2014 ஏப்ரலில் குழு அவரை விடுவித்தது. 2015-ல் தாய்க்கழகமான ரிவர் பிளேட்டில் மீண்டும் முயன்று, அதே ஆண்டு ஓய்வு பெற்றார்.

இது தோல்விதான். ஆனாலும் குழு மூழ்கவில்லை. அவர் வைத்திருந்த இடத்தை உடனே காலி செய்தார்கள். இன்னொரு அர்ஜென்டினா ஆட்டக்காரரான லூசியானோ ஃபிகுவெரோவா வந்தார். அதே 2014-ல் ஜொகூர் முதன்முறையாக மலேசிய சூப்பர் லீக்கை வென்றது.

"அவங்ககிட்ட காசு இருக்கு, தாங்கிட்டாங்க" என்று நீங்கள் சொல்லலாம். சரியான பேச்சு. அதே தவற்றைக் கையில் காசில்லாத ஒரு குழு செய்தால், மிச்சமுள்ள ஒப்பந்தக் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறும். ஒப்பந்தப்படி சம்பளம் கிடைக்காத வெளிநாட்டு ஆட்டக்காரர் ஃபிஃபாவிடம் போகலாம். பணத்தைக் கொடுக்கும்வரை புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி அந்தக் குழுவுக்குத் தடை வரலாம்.

ஒளிந்திருக்கும் விலை: 'இடம்'

என்பிஏவில் ஆளுக்கு ஆள் கொடுக்கிறார்கள். இங்கே அந்த விலை எங்கே என்று முன்பு கேட்டோம். பதில், இறக்குமதி ஆட்டக்காரர்களுக்கான இடம்.

மலேசியக் காற்பந்தில் அந்த வரம்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் தளர்ந்தும் வருகிறது. ஆனால் களத்தில் இறங்கும் இடம் பதினொன்றுதான். காயத்தோடு உட்கார்ந்திருக்கும் நட்சத்திரம் சம்பளத்தை மட்டும் விழுங்குவதில்லை. ஓடக்கூடிய இன்னோர் இறக்குமதி ஆட்டக்காரரின் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஆடும் நாள்களில், உள்ளூர்ப் பையன் ஒருவன் வெளியே உட்கார்கிறான்.

இந்தப் பேச்சு வரும்போது கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு ஒரு குழுவின் நினைவு வரும். இந்திய இளைஞர்களுக்கு வாய்ப்புத் தரும் நோக்கில் எழுந்த எம்.ஐ.எஸ்.சி–மிஃபா, 2016-ல் எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடி, 2017-ல் பிரீமியர் லீக்கிற்கு உயர்ந்தது. 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. 2021-ல் பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ், இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் பருவம் முழுவதையும் ஆடி, தரமிறங்காமல் நிலைத்தது.

அந்த வழியே சரி, மற்றதெல்லாம் தவறு என்று சொல்ல முடியாது. பெட்டாலிங் ஜெயா சிட்டி பெரிய கிண்ணம் எதையும் வெல்லவில்லை. 2022 பருவத்தோடு லீக்கை விட்டே விலகியது. ஆனால் ஒன்று தெளிவு. ஒரு நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் இடம், பல உள்ளூர் ஆட்டக்காரர்கள் வளரக்கூடிய இடம். அதைக் கணக்கில் சேர்க்காமல் 'மலிவாகக் கிடைத்தார்' என்று சொல்வது பாதிக் கணக்கு.

சின்னக் குழுவுக்கும் இதே கணக்கா?

ஆம். சாலாக் செலாத்தான் பக்கம் வார இறுதி லீக்கில் ஆடும் ஒரு கூடைப்பந்துக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைக் கணக்குதான். பருவத்துக்கு 20 ஆட்டங்கள். மொத்தச் செலவுக்குக் கையில் 12,000 ரிங்கிட். 35 வயதான முன்னாள் மாநில ஆட்டக்காரர் ஒருவர் 4,000 ரிங்கிட் கேட்கிறார். முட்டியில் பழைய காயம்.

எல்லா ஆட்டமும் ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு 200 ரிங்கிட். பாதிதான் ஆடினால் 400 ரிங்கிட். ஐந்தே ஆட்டங்கள் என்றால் 800 ரிங்கிட். மீதி 8,000 ரிங்கிட்டில் அரங்க வாடகை, நடுவர் கட்டணம், சீருடை, மற்றவர்களின் போக்குவரத்து எல்லாம் முடிய வேண்டும்.

அதையே வேறு விதமாகப் பேசலாம். "அண்ணே, ஆடுற ஆட்டத்துக்கு 180 ரிங்கிட் தர்றோம். அரையிறுதிக்குப் போனா மேல 400." அவர் 20 ஆட்டமும் ஆடினால் 3,600 ரிங்கிட், அரையிறுதிக்கும் போனால் சரியாக 4,000. ஐந்து ஆட்டத்தோடு முட்டி மக்கர் செய்தால் 900 ரிங்கிட்டோடு முடிந்தது. அவர் கேட்ட தொகை கிடைக்க வழி இருக்கிறது, ஆபத்தோ இரு பக்கமும் பகிரப்பட்டிருக்கிறது. தன் உடம்பு மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்க மறுத்தால், அதுவே ஒரு தகவல்தான்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

• இவருக்காக யாரை விடுகிறோம்? வெளியே போகிறவர் குழுவின் முதுகெலும்பா, மாற்று ஆட்டக்காரரா?

• இவர் காயத்தில் இருக்கும் வாரத்தில் நம்மால் வெல்ல முடியுமா? முடியாது என்றால் எடுக்க வேண்டாம்.

• இவருக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம்? ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?

• கடந்த இரண்டு பருவங்களில் எத்தனை ஆட்டம் ஆடினார்? பத்தாண்டுக்கு முந்தைய காணொளி இதற்குப் பதில் ஆகாது.

• குணத்தில் சிக்கல் என்றால், அவர் மதிக்கும் ஒருவர் குழுவில் இருக்கிறாரா?

• ஒப்பந்தம் எவ்வளவு காலம்? நடுவில் பிரிய வேண்டி வந்தால் என்ன செலவு?

• அவருக்கு முழுச் சம்பளம் கொடுத்த பிறகு, உள்ளூர் ஆட்டக்காரர்களின் சம்பளம் மாதக் கடைசியில் தடையின்றிப் போய்ச் சேருமா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சம்பளப் பாக்கி என்ற செய்தி மலேசியக் காற்பந்தில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. பாக்கி விழும்போது முதலில் பாதிக்கப்படுவது பெரிய பெயர்கள் அல்ல. வீட்டு வாடகையும் மோட்டார் தவணையும் கட்ட வேண்டிய உள்ளூர் ஆட்டக்காரர்கள்தான்.

அப்படியானால் எடுக்கலாமா?

ஏற்கெனவே வெல்லத் தெரிந்த குழு, ஒரே ஒரு குறையை அடைக்க, குறுகிய ஒப்பந்தத்தில், முதுகெலும்பை விடாமல் எடுத்தால், எடுக்கலாம். சிகாகோவும் அலாப்பும் அப்படித்தான் வென்றன. தோற்றுக்கொண்டிருக்கும் குழு, ஒரே ஆளால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி, நீண்ட ஒப்பந்தத்தில், இருப்பவர்களை விட்டுக்கொடுத்து எடுப்பதாக இருந்தால், வேண்டாம்.

அடுத்த முறை மாற்றக் காலத்தில் "அவர எடுத்தா கிண்ணம் நமக்குத்தான்" என்று யாராவது சொன்னால், பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சரி, யாரோட இடத்துல?"